நாலேகால் ஏக்கர் குளியலறை

ஆறடிக்கு ஐந்தடியில் ஒரு குளியலறை. அதற்கு அனுமதி வாங்க ஏழு மாதம் ஆயிற்று என்று சொன்னால், கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி குரலைத் தாழ்த்தி, "கவனிக்க வேண்டியவங்களக் கவனிச்சிருக்கலாமே?" என்கிறார்கள். அங்கேதான் தப்பு. புதுக்கோட்டையில் இருக்கும் மாவட்டக் கட்டட வரைபட ஒருமைப்பாட்டு அலுவலகத்தில் யாரும் கை நீட்டுவதில்லை. நீட்டியிருந்தால் ஏழு நாளில் முடிந்திருக்கும். அவர்கள் நேர்மையானவர்கள். அந்த நேர்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் பெயர் பிரகதீஸ்வரி. விராலிமலை பேருந்து நிலையத்துக்கு எதிரே, பரோட்டாக் கடை மாடியில் வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டரில் கோடு போட்டுப் பிழைக்கிறேன். என் கோட்டைப் பார்த்துக் கட்டிய ஒரு வீடும் இதுவரை சாயவில்லை.

புரட்டாசி மாதம் மலையாண்டி அண்ணன் படியேறி வந்தார். பைபாஸ் ஓரத்தில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருப்பவர். அவர் மனைவி அழகி அக்கா, கொல்லைக் கோடியில் இருக்கும் கக்கூஸுக்குப் போகும் வழியில் பாசிக்கல்லில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர். ஆபரேஷன் முடிந்து, நான்கு கால் வைத்த அலுமினியத் தடியைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பார். கொல்லைக் கோடியோ நாற்பத்தைந்து அடி.

"தாழ்வாரத்தோட ஒட்டுனாப்புல ஒரு பாத்ரூம் வேணும் தங்கச்சி. அவளே எந்திரிச்சு அவளே போய்ட்டு வார மாதிரி. வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

"பத்து நிமிஷ வேலைண்ணே" என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்னும் என் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

முன்பெல்லாம் குளியலறை கட்ட யாரிடம் கேட்டார்கள்? இந்த அலுவலகம் வந்த பிறகு ஒரு சுவர் எழுப்பினாலும் ஒருமைப்பாட்டுச் சான்று வேண்டும். அண்ணன் தெருவிலேயே ஒருவர் சான்று இல்லாமல் மாட்டுக்கொட்டகைக்குச் சுவர் வைத்தார். ஜேசிபி வந்து சுவரைத் தள்ளிவிட்டு, மாட்டிடம் நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனது. வீட்டில் ஆள் இல்லாததால் மாட்டிடம் கொடுத்ததாகப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே பிளான் போட்டேன். இங்கே ஹாட்ச் என்ற ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவரை மேலிருந்து வெட்டிப் பார்ப்பது போல வரையும்போது, இரண்டு கோடுகளுக்கு நடுவே குட்டிக் குட்டிச் சாய்வுக்கோடுகளை நிரப்புவோம். சாய்வுக்கோடு என்றால் செங்கல். புள்ளியும் முக்கோணமும் என்றால் கான்கிரீட். சின்னக் கட்டங்கள் என்றால் தரையில் டைல்ஸ். இந்த நிரப்பலுக்குத்தான் ஹாட்ச் என்று பெயர். மவுஸால் உள்ளே ஒரு சொடுக்கு சொடுக்கினால் தானாக நிரம்பிவிடும். கட்டுகிற கொத்தனார் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எங்கள் நாகராசு கொத்தனார் பிளானில் அளவை மட்டும் பார்த்துக்கொண்டு, தாளைச் சோற்றுப் பொட்டலத்துக்கு அடியில் விரித்துவிடுவார்.

ஆனால் ஒருமைப்பாட்டு அலுவலகம் ஹாட்சை மட்டும்தான் பார்க்கும்.

அலுவலர் ரெங்கசாமி சாரை முதல் முறை பார்த்தபோது எனக்கு மரியாதைதான் வந்தது. மேஜையில் ஒரு பூதக்கண்ணாடி. பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்க ஹாட்ச் கையேடு. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பு. வீட்டுக்குப் போகும்போதும் அதைக் கழற்ற மாட்டாராம். எதிர் மேஜையில் பிரிவு எழுத்தர் சுகுணா மேடம், சார் சொல்வதை எழுதுவதற்காகவே அமர்ந்திருந்தார்.

சார் என் வரைபடத்தின் மேல் பூதக்கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் குனிந்திருந்தார். பிறகு நிமிர்ந்து, "கோடு வலப்பக்கம் சாஞ்சிருக்கு" என்றார்.

"எந்தப் பக்கம் சாஞ்சாலும் செங்கல்தானே சார்?"

"ரோட்டுல எந்தப் பக்கம் வண்டி ஓட்டுறீங்க?"

"இடப்பக்கம்."

"நாட்டுல அத்தன வண்டியும் இடப்பக்கம் போறப்ப, ஒங்க செங்கல் மட்டும் என்னத்துக்கு வலப்பக்கம் போகுது? சுகுணா, எழுதுங்க. திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது."

விராலிமலையிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாய்வைத் திருப்ப எனக்கு எட்டு விநாடி ஆயிற்று. மறுபடியும் போனேன். இந்தத் தடவை கோடுகள் நெருக்கமாக இருந்தனவாம். அச்சில் சுவர் முழுக்கக் கறுப்பாக விழுந்திருந்தது. "ஏம்மா, இந்த வீட்டுல துக்கமா?" என்று கேட்டார். இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போனேன். நாலரை அங்குலச் சுவருக்குள் ஒரு கோடும் விழாமல் வெள்ளையாக நின்றது. கையேட்டின் முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து காட்டினார். கோடில்லாத சுவர் காற்றாகக் கருதப்படும் என்று இருந்தது. "காத்துக்கு நாங்க சான்று குடுக்கிறதில்ல" என்றார்.

"எத்தன கோடு வேணும்னு சொல்லிருங்க சார், போட்டுர்றேன்."

"அடிக்கு ஒம்பது."

அடிக்கு ஒன்பது போட்டேன். அவர் பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். அவருடைய மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் எண்ணினார். அந்த அர்ப்பணிப்பைக் குறை சொல்ல முடியாது. வடகிழக்கு மூலையில் எட்டரைதான் இருந்தது. சுவர் அங்கே முடிந்துவிட்டதால் கடைசிக் கோடு பாதியில் நின்றிருந்தது.

"மீதி அரைக் கோடு எங்க?"

"சுவர் முடிஞ்சிருச்சு சார்."

"சுவர் முடியலாம். கோடு முடியலாமா? வாயால சொல்றதெல்லாம் காத்தோட போயிரும். விளக்கத்த எழுத்துல குடுங்க."

அரைக் கோட்டுக்கு இரண்டு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அதைச் சுகுணா மேடம் வாங்கிக் கோப்பில் கட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மறுஅளவு எடுக்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். அக்கா தாழ்வாரத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மருமகள் கொண்டுவந்து வைத்த செம்புத் தண்ணீர் மூடியபடியே இருந்தது. உதடு வெடித்திருந்தது.

"தண்ணி குடிக்கலியாக்கா?"

"குடிச்சா போகணும்ல பிரகதி" என்றார். "மழையில அவரு என்னயத் தூக்கிட்டுப் போறாரு. கக்கூஸு வாசல்ல கொடையப் புடிச்சுட்டு அங்கிட்டுத் திரும்பி நிக்கிறாரு. முப்பது வருஷமா அந்த மனுசனுக்குச் சோறு போட்டவ நான். இப்ப அவரு முன்னாடி... விடு. குடிக்காட்டி ஒண்ணும் செத்துற மாட்டேன்."

டாக்டர் ஏற்கெனவே திட்டியிருக்கிறார், சிறுநீரகம் கெட்டுப்போகும் என்று. கடைக்குத் திரும்பி வந்து அந்த வடகிழக்கு மூலையைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த அரைக் கோட்டைப் பிடுங்கி யார் கண்ணிலாவது குத்த வேண்டும் போல இருந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன், அன்று நான் அழுதேன்.

கார்த்திகையில் தல ஆய்வுக்கு வந்தார்கள். ஜீப்பில் ரெங்கசாமி சார், சுகுணா மேடம், கையேடு. அஸ்திவாரத்துக்காக அண்ணன் கொல்லையில் இறக்கிவைத்திருந்த ஜல்லிக் குவியல் அருகே போய் சார் குந்தினார். ஒரு ஜல்லியை எடுத்தார். வரைபடத்தில் கான்கிரீட் ஹாட்சில் இருந்த முக்கோணத்தின் மேல் அதை வைத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பத்துப் பன்னிரண்டு எடுத்துப் பார்த்தபின் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"படத்துல முக்கோணம். இங்க ஒண்ணும் முக்கோணமா இல்லியே?"

"ஜல்லி சார் அது. குவாரியில ஒடச்சா ஒடஞ்ச மாதிரிதான் இருக்கும்" என்றார் மலையாண்டி அண்ணன்.

"அப்ப படம் பொய் சொல்லுதுங்கிறீங்களா? பொய்யான படத்துக்கு நான் சான்று குடுக்கணுமா?"

கட்டிலில் இருந்தபடி அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சார் அவரைப் பார்த்து வணக்கம் வைத்து, "ஒங்க நன்மைக்குத்தாம்மா. நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். அக்கா அவர் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பாசிக்கல்லை எவ்வளவு சுலபமாகத் தாண்டி வந்தது என்று யோசித்திருக்கலாம்.

அடுத்த நான்கு நாள் அண்ணன் பஞ்சர் கடையை மூடிவிட்டு, குவியலுக்கு முன் உட்கார்ந்து முக்கோண ஜல்லியாகப் பொறுக்கினார். பைபாஸில் போகிற லாரி டிரைவர்கள் இறங்கி வந்து, டயர் காற்றிறங்கியதை மறந்து, இவருக்கு என்ன ஆயிற்று என்று என்னிடம் விசாரித்தார்கள். மூன்று கூடை தேறியது. மறு ஆய்வில் சார் திருப்திப்பட்டார். "பாத்தீங்களா? மனசு வச்சா முடியுது" என்றார்.

அதன்பின் மூன்று மாதம் கோப்பு நகரவில்லை. பங்குனி பிறந்ததும் ஒருமைப்பாட்டு நாள் கொண்டாடினார்கள். மாவட்டத்தில் பிளான் போடுகிறவர்கள் எல்லாரும் கட்டாயம் வர வேண்டும். வராதவர்களின் கோப்பு நகராது. மண்டபத்துச் சுவரில் நாற்பத்தைந்து டிகிரியில் சாய்வாகக் கலர் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்து ஆலங்குடியிலிருந்து வந்த ரியாசுதீன் பாய்க்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. குத்துவிளக்கை ஏற்றிவிட்டு ரெங்கசாமி சார் பேசினார்.

"மூணு வருஷத்துல நம்ம அலுவலகத்துக்கு ஆயிரத்து நூத்து நாப்பது விண்ணப்பம் வந்திருக்கு. ஆயிரத்து நூத்து நாப்பதையும் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்கோம். ஒண்ணக்கூட விட்டது கிடையாது."

கைதட்டினார்கள்.

"அதனோட பலன் என்ன? இன்னிக்கு இந்த மாவட்டத்துல நம்ம சான்று வாங்கிக் கட்டுன கட்டடம் ஒண்ணுகூட விரிசல் விட்டதில்ல. ஒழுகுனதில்ல. இடிஞ்சு விழுந்ததில்ல. எந்த மாவட்டத்துல இப்படி ஒரு சாதனை உண்டு?"

"ஒண்ணும் கட்டவே இல்லையே சார்" என்று ரியாசுதீன் பாய் கழுத்தைப் பிடித்துக்கொண்டே முனகினார். அது மேடைக்குக் கேட்கவில்லை.

"கட்டடம்ங்கிறது இன்னிக்கு இருக்கும், அம்பது வருஷத்துல போயிரும். கோப்பு போகாது. நாம கட்டடத்துக்கு வேலை பாக்கல. கோப்புக்கு வேலை பாக்குறோம்" என்று முடித்தார். நிஜமாகவே அவருக்குக் கண் கலங்கியது. அதே மேடையில், இனி மனிதக் கண்ணால் தவறு நேரக் கூடாது என்பதற்காக வரைபடத்தைத் தானே சோதிக்கும் ஒரு மென்பொருளையும் தொடங்கிவைத்தார்.

மறுநாள் என் வரைபடம் அந்த மென்பொருளுக்குள் போனது. ஹாட்சுக்கு ஒரு குணம் உண்டு. சுற்றிலும் எல்லை மூடியிருந்தால்தான் அது அடங்கி நிற்கும். எங்காவது ஒரு இடைவெளி இருந்தால் உடைந்த வாய்க்கால் மாதிரி அந்த வழியாக வெளியே ஓடிவிடும். நாங்கள் அதற்கு வேறு உபாயம் வைத்திருக்கிறோம், தனியாக ஒரு மறைவான கோட்டால் மூடிக்கொள்வோம். அந்த மறைவுக் கோட்டை ஏமாற்று வேலை என்று மென்பொருள் அழித்துவிட்டது. குளியலறைக்குக் கதவு இருந்தது. கதவு இருக்கும் இடத்தில் சுவர் இல்லை. டைல்ஸ் கட்டங்கள் அந்தக் கதவு வழியாகத் தாழ்வாரத்தில் இறங்கி, முற்றத்தைத் தாண்டி, பஞ்சர் கடையை மூடி, நான்குவழிச் சாலையைக் கடந்து, கண்மாயில் பாதிவரை போய்ப் படத்தின் ஓரத்தில் முட்டி நின்றன.

சுகுணா மேடம் திரையைப் படித்தார். "குளியலறைப் பரப்பு, நாலேகால் ஏக்கர்."

ரெங்கசாமி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இவ்வளவு பெரிய பாத்ரூம் எதுக்கும்மா?"

"சார், அது ஆறுக்கு அஞ்சு. கதவு வழியா ஹாட்ச் வெளிய ஓடிருச்சு. ஒங்க மென்பொருள் தப்பாக் கணக்குப் போடுது."

"அது தப்புப் போடாது. அதுக்குத்தான் வாங்கியிருக்கோம். ஒங்க பாத்ரூமுக்குள்ள ரோடு வருது. ரோட்டுக்காரங்ககிட்ட தடையின்மைச் சான்று வேணும். கண்மாய் வருது. பொதுப்பணிக்காரங்ககிட்ட வேணும். கண்மாய்க் கரையில மயில் மேயும்ல? அப்ப வனத்துறைகிட்டயும் வேணும். நாலேகால் ஏக்கர்ல ஒரு பாத்ரூம் கட்டிட்டு மயிலுகிட்ட கேக்கலன்னா எப்படி?"

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். சுகுணா மேடம் குடிதண்ணீர் பிடிக்கிற சாக்கில் பின்னாலேயே வந்தார்.

"அக்கா, கதவ எடுத்துட்டுச் சுவர முழுசா மூடிருங்க. உடனே பாஸ் ஆயிரும். படத்துலதானக்கா?"

"கதவில்லாம எப்படி உள்ள போறது மேடம்?"

இதே கேள்வியை நான் உள்ளே போய் சாரிடமும் கேட்டேன். அவர் வாயாலேயே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

"உள்ள போறது, வர்றதெல்லாம் பயன்பாடு" என்றார் சார் பொறுமையாக. "நாங்க பயன்பாட்டுப் பிரிவு இல்லம்மா."

வெட்கத்தோடு சொல்கிறேன், கதவை எடுத்துவிட்டேன். பதினான்கு வருடத்தில் கதவில்லாத அறை ஒன்றை நான் வரைந்தது அதுதான் முதல் தடவை. வென்டிலேட்டர் மட்டும் தப்பித்தது; உயரத்தில் இருப்பதால் அது பிளானில் சுவரை வெட்டாது. டைல்ஸ் கட்டங்கள் நான்கு சுவருக்குள் சமர்த்தாக அடங்கி நின்றன. நான்கு நிமிடத்தில் சான்று வந்தது. அந்த அலுவலகம் கொடுத்த முதல் சான்று. ரெங்கசாமி சார் அதைக் கையில் பிடித்தபடி புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

நாகராசு கொத்தனார் அந்தப் பங்குனியிலேயே வேலையைத் தொடங்கினார். வழக்கம்போலத் தாளைச் சோற்றுக்கு அடியில் விரித்துக்கொண்டு, பாத்ரூம் என்றால் எப்படி இருக்குமோ அப்படிக் கட்டினார். இரண்டரை அடிக்குக் கதவு வைத்தார். பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி பதித்தார். வழுக்காத டைல்ஸ் போட்டார். அக்கா முதல் நாள் தானாக எழுந்து, தானாக நடந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெளியே வந்து, "தாப்பா நல்லா விழுகுது" என்றார். அதை அவர் நாலைந்து தடவை சொன்னார்.

ஒன்பது நாள். பத்தாம் நாள் நிறைவு ஆய்வுக்கு ஜீப் வந்தது.

ரெங்கசாமி சார் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். கதவுக்கு நேரே நின்றார். படத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "சுகுணா, எழுதுங்க. அனுமதிக்கப்பட்ட சுவரில் இரண்டரைக்கு ஆறரை அடிப் பரப்பில் செங்கல் காணப்படவில்லை."

"கதவு சார் அது" என்றார் மலையாண்டி அண்ணன்.

"அதத்தான் சொல்றேன். செங்கல் இருக்க வேண்டிய எடத்துல கதவு இருக்கு. மாவட்டத்தோட மொத சான்று இது. இதுலயே மீறலா? மூடுனா நிறைவுச் சான்று. இல்லன்னா ஜேசிபி."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். ஜேசிபி வந்தால் குளியலறையே போய்விடும். அண்ணன் கதவைக் கழற்றித் தாழ்வாரத்துச் சுவரில் சார்த்தி வைத்துவிட்டு, "கலவையப் போடு நாகராசு" என்றார். அந்தக் குரலை நான் கேட்டிருக்கவே வேண்டாம்.

நாகராசு நூல் பிடித்து முதல் வரிசை செங்கல்லை வைத்தபோது சார் குறுக்கிட்டார். கையேட்டின் நூற்றெட்டாம் பக்கப்படி சுவரின் உள்முகத்தையும் அலுவலரே நேரில் சரிபார்க்க வேண்டுமாம். ஒவ்வொரு வரிசையையும், வைக்க வைக்க. முதல் சான்றில் எந்தக் குறையும் இருக்கக் கூடாது என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு, அந்த ஒற்றை வரிசையைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தார்.

"சார், நீங்க உள்ள..." என்று ஆரம்பித்தேன்.

"வேல நடக்கிறப்ப குறுக்க பேசாதீங்கம்மா. எதுன்னாலும் எழுத்துல குடுங்க."

சரி என்று பேசாமல் இருந்துவிட்டேன். எழுதிக் கொடுத்திருக்கலாம். பேனா கைப்பைக்குள் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

சுவர் வளர்ந்தது. உள்ளேயிருந்து "சரி, அடுத்தது" என்று குரல் வரும். நாகராசு அடுத்த வரிசையை வைப்பார். சுவர் இடுப்பளவு இருக்கும்போது மருமகள் டீ கொடுத்தாள். நெஞ்சளவு இருக்கும்போது காலி டம்ளர் திரும்பி வந்தது. தலைக்கு மேல் போனபோது பிஸ்கட் கேட்டார். கடைசிச் செங்கலுக்கான இடைவெளி வழியாகத்தான் அதைக் கொடுக்க முடிந்தது. "ரெண்டு வெரக்கடை கலவை கூட வையி. பிடிப்பு பத்தாது" என்று உள்ளிருந்து சொன்னார். நாகராசு கூட வைத்தார். கடைசிச் செங்கல்லைப் பிடித்தபடி, "வைக்கவா சார்?" என்று கேட்டார்.

"வைங்க."

வைத்தார். கரணையால் கலவையை வழித்துவிட்டு, கையைக் கழுவப் போனார். உள்ளே பென்சில் தட்டி எண்ணுகிற ஓசை மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"சுகுணா" என்றது சுவர். "வழி எங்க?"

சுகுணா மேடம் படத்தைப் புரட்டிப் பார்த்தார். பார்க்காமலே சொல்லியிருக்கலாம். "படத்துல வழி இல்லங்க சார்."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "கொத்தனாரே, இடிங்க!"

நாகராசு துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வாழ்க்கையில் ஒரு கையேட்டையும் படித்திராத மனிதர். "சான்று குடுத்த செவுரு சார். வாயால சொன்னா நான் எப்படி இடிக்கிறது? நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா யாரு பதில் சொல்றது? எழுத்துல குடுங்க" என்றார்.

சார் நாற்காலி மேல் ஏறி, வென்டிலேட்டர் கண்ணாடிப் பட்டை ஒன்றைக் கழற்றிக் கையை நீட்டினார். அந்த அலுவலகத்தின் கை நீண்டதை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். சுகுணா மேடம் தாளும் பேனாவும் கொடுத்தார். ஐந்து நிமிடம் கழித்துத் தாள் வெளியே வந்தது. 'இந்தச் சுவரில் ஓர் ஆள் வெளியே வரும் அளவுக்குத் திறப்பு ஒன்று செய்ய இதனால் அனுமதிக்கப்படுகிறது.' கையெழுத்து. தேதி. ஸ்டாம்பு. ஏழு மாதமாக நான் கேட்டது அந்த ஒரு வரிதான். ஹாட்சும் இல்லை, கோடும் இல்லை, மென்பொருளும் இல்லை.

ஈரக் கலவை, செங்கல் எல்லாம் கையோடு வந்தன. நாகராசு பழைய கதவளவுக்கே திறந்தார். சார் தலையைக் குனிந்து வெளியே வந்தார். சட்டையைத் தட்டினார். தலையைச் சீவினார். நாங்கள் அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தோம். திரும்பி, தான் வந்த வழியை மேலும் கீழும் பார்த்தார்.

"சுகுணா, எழுதுங்க. அனுமதிக்கப்பட்ட சுவரில் இரண்டரைக்கு ஆறரை அடிப் பரப்பில் செங்கல் காணப்படவில்லை."

அந்தத் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இது நீங்க எழுதுனது சார்! ஒங்க கையெழுத்து!"

தன் கையெழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். "இதுல வெளிய வாரதுக்குத்தான் அனுமதி. நான் வெளிய வந்துட்டேன். உள்ள போறதப் பத்தி இதுல ஒரு வார்த்தையும் இல்ல. மூடுங்க."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அச்சில் வருகிற வார்த்தைகள் அல்ல. அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சண்டைக்கு நடுவே, கட்டிலில் இருந்த அக்கா செம்பை எடுத்தார். அண்ணாந்து, மடக்கு மடக்கென்று முழுச் செம்பையும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு தடியைப் பிடித்து எழுந்தார்.

"அம்மா, எங்கம்மா போறீங்க? உள்ள போக அனுமதி இல்ல" என்றார் சார்.

அக்கா திரும்பவில்லை. தடி தரையில் தட்டத் தட்ட, அவரை ஒட்டியே நடந்து, உடைந்த செங்கலைத் தாண்டி உள்ளே போனார். மலையாண்டி அண்ணன் சார்த்தி வைத்திருந்த கதவைத் தூக்கித் திறப்பில் வைத்து மூடி, அதில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"சார், அவ உள்ள போயிட்டா. இனிமே அவ வெளிய வரணும்ல? அதுக்கு ஒங்க தாளு செல்லும்ல?"

ரெங்கசாமி சார் தாளை இன்னொரு தடவை படித்தார். 'ஓர் ஆள் வெளியே வரும் அளவுக்கு.' எந்த ஆள் என்று போடவில்லை. கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். அவர் நேர்மையானவர் என்று முதலிலேயே சொன்னேன்.

"செல்லும்" என்றார்.

"அப்ப அவ வெளிய வார வரைக்கும் இத மூடக்கூடாதுல்ல?"

"கூடாது."

சுகுணா மேடம் யாரும் சொல்லாமலே எழுதத் தொடங்கினார். 'உள்ளே ஆள் இருப்பதால் ஆய்வு நிலுவையில் வைக்கப்படுகிறது.' எழுதி முடித்து, முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு ஜீப் கிளம்பிப் போனது.

நாகராசு கதவைப் பழையபடி மாட்டிவிட்டார். அதன்பின் நான்கு முறை ஆய்வுக்கு வந்துவிட்டார்கள். பைபாஸ் திருப்பத்தில் ஜீப் சத்தம் கேட்டதும் பஞ்சர் கடையிலிருந்து அண்ணன் குரல் கொடுப்பார். அக்கா எழுந்து, யார் கையையும் பிடிக்காமல் நடந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். நான்கு முறையும் கோப்பில் அதே வரிதான் ஏறியிருக்கிறது. எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது அல்லவா, அதற்காகக் கட்டிலருகே எந்நேரமும் செம்பு நிறையத் தண்ணீர் இருக்கிறது. அக்கா இப்போது நன்றாகத் தண்ணீர் குடிக்கிறார்.